நேத்து ஓடிச்சு, இன்னிக்கு ஓடல: கிராபிக்ஸ் டிரைவரில் ரெக்ரஷன் தேடிய வரலாறு

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கியது. சில இடங்களில் சுருக்கியும் வரிசை மாற்றியும் இருக்கிறது.)

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு திரும்பத் திரும்ப வந்துச்சு. "லினக்ஸ்ல அப்டேட் போட்டா திரை கருப்பாகுது, இதை யார்கிட்ட போய் சொல்றது?" பதில் சொல்லணும்னு உட்கார்ந்தேன். அது பெரிய கதையா நீண்டுடுச்சு. அதனால இந்த எபிசோட் முழுக்க அதுதான்.

முதல்ல ஒரு சொல். ரெக்ரஷன். ஏற்கெனவே ஒழுங்கா வேலை செஞ்சுட்டு இருந்த ஒரு விஷயம், புது பதிப்பு வந்ததும் கெட்டுப்போறதுக்குத்தான் இந்தப் பேர். ஆரம்பத்துலேர்ந்தே ஓடாத ஒண்ணு வெறும் பக். நேத்து வரைக்கும் ஓடி இன்னிக்கு நின்னா அது ரெக்ரஷன். சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும். ஆனா தேடுற முறையே இதனால மாறிடுது. ஏன்னா ரெக்ரஷன்ல உங்க கையில ரெண்டு முனையும் இருக்கு: ஓடின ஒரு பதிப்பு, ஓடாத ஒரு பதிப்பு. குற்றவாளி அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் எங்கேயோ இருக்கணும்.

என் லேப்டாப்

காலேஜ் மூணாவது வருஷத்துல செகண்ட் ஹேண்ட்ல ஒரு லேப்டாப் வாங்கினேன். வேலைக்குச் சேர்ந்து ஆபீஸ்ல புதுசு கொடுத்த பிறகும் அதை விடல. ஒரு நாள் கர்னல் அப்டேட் போட்டேன். அடுத்த நாள் மூடியைத் திறந்தா திரை வரல. விசிறி சுத்துது, கீபோர்டு லைட் எரியுது, இன்னொரு கம்ப்யூட்டர்ல இருந்து உள்ள நுழைய முடியுது, திரை மட்டும் கருப்பு. பழைய கர்னல்ல பூட் பண்ணா எல்லாம் சரி.

தூக்கத்துலேர்ந்து எழும்போது நாலுல ஒரு தடவை இப்படி. அந்த "நாலுல ஒரு தடவை"யை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

எந்த நிறுவனத்தோட சிப்புன்னு சொல்லப்போறதில்ல. எல்லா டிரைவருக்கும் இந்தக் கதை பொருந்தும். திறந்த மூல டிரைவர்தான், கோட் எல்லாம் என் கண் முன்னாடி இருக்கு. ஆனா நான் எழுதுறது வெப் சர்வீஸ். கிராபிக்ஸ் டிரைவர் கோடைத் திறந்து பார்த்தா ரெஜிஸ்டர் பேர் வரிசையா ஓடுது, ஒண்ணும் புரியல. அப்ப எனக்கு இருந்த ஒரே ஆயுதம் பைசெக்ட். அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு பார்த்துட்டு திரும்ப வர்றேன்.

சீரியல் செட்டும் சூப்பர் கம்ப்யூட்டரும்

திருவிழாவுக்குக் கட்டுற சீரியல் லைட்டைப் பார்த்திருப்பீங்க. ஒரு பல்பு போனா மொத்த வரிசையும் அணைஞ்சுடும். விவரமான எலக்ட்ரீசியன் ஒவ்வொரு பல்பா பார்க்க மாட்டார். நடுவுல டெஸ்டரை வைப்பார். அங்க கரண்ட் இருந்தா கோளாறு அதுக்கு அப்பால. இல்லைன்னா இப்பால. பாதியை விட்டுட்டு மீதிப் பாதியில மறுபடி நடுவுல வைப்பார். நூறு பல்பு இருந்தாலும் ஏழு இடம் பார்த்தா போதும்.

இதைத்தான் கோட் மாற்றங்கள் மேலயும் செய்யலாம்ங்கிறது யோசனை. கேட்டா எளிமையா இருக்கு. ஆனா இதை ஒரு முறையா எழுதி வச்ச முன்னோடிக் கட்டுரைகள்ல ஒண்ணு 1997ல தான் வந்தது. எழுதினவங்க க்ரே ரிசர்ச்ல இருந்த பிரையன் நெஸ், வியட் கோ. சூப்பர் கம்ப்யூட்டர் நிறுவனம், பல பேர் சேர்ந்து எழுதுற பெரிய மென்பொருள். எல்லார் மாற்றத்தையும் ஒண்ணா சேர்த்த பிறகு சோதனை தோத்தா, யார் மாற்றத்தால தோத்துச்சுன்னு ஒவ்வொருத்தரையும் உட்கார வச்சு கேட்க முடியாது. மாற்றங்களை வரிசையா வச்சு நடுவுல வெட்டிச் சோதிச்சா, கோடே படிக்காம குற்றவாளி மாற்றத்தைப் பிரிச்சு எடுத்துடலாம்.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1999ல, ஜெர்மனிய ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் செல்லர் ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைப்பைத் தமிழ்ல சொன்னா: "நேத்து என் ப்ரோக்ராம் ஓடிச்சு. இன்னிக்கு ஓடல. ஏன்?" இந்த எபிசோடோட பேர் அங்கேர்ந்து எடுத்ததுதான். அவர் எடுத்துக்கிட்ட உதாரணம் ஜிடிபி டீபக்கர். 4.16லேர்ந்து 4.17க்கு மாறினப்போ, அதுக்கு மேல உட்கார்ந்து வேலை செய்யுற டிடிடிங்கிற முன்முகம் உடைஞ்சு போச்சு. ப்ரோக்ராமுக்கு ஆர்க்யுமென்ட் கொடுத்தா போய்ச் சேரல. ரெண்டு பதிப்புக்கும் நடுவுல மாறின வரிகள் 1,78,000.

தானாகவே பிரிச்சுப் பிரிச்சு சோதிக்கிற ஒரு அல்காரிதத்தை ஓட விட்டார். கடைசியில கிடைச்ச காரணம் என்ன தெரியுமா? பயனருக்குக் காட்டுற ஒரு விளக்க வாக்கியத்துல "ஆர்க்யுமென்ட்ஸ்"னு இருந்ததை யாரோ "ஆர்க்யுமென்ட் லிஸ்ட்"னு மாத்தியிருக்காங்க. டிடிடி அந்த வாக்கியத்தைப் படிச்சுதான் வேலை செஞ்சுட்டு இருந்தது. மாத்தினவர் மேல தப்பே இல்ல. ஒரு சொல்லைத் திருத்தினார், அவ்வளவுதான்.

இந்த விஷயம் கதை முழுக்க வரும். பைசெக்ட் காட்டுறது எந்த மாற்றத்துக்குப் பிறகு உடைஞ்சதுங்கிறதை மட்டும்தான். யார் தப்பு செஞ்சாங்கன்னு அது சொல்லாது. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டா என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும், சொல்றேன்.

2005: வரலாறு எல்லார் கைக்கும் வந்த வருஷம்

லினக்ஸ் பக்கம் வருவோம். 2002 வரைக்கும் லினஸ் டோர்வால்ட்ஸ் பேட்சுகளை மெயில்ல வாங்கி, சேர்த்து, பதிப்பா வெளியிட்டார். ரெண்டு பதிப்புக்கு நடுவுல நூத்துக்கணக்குல மாற்றம் இருக்கும், ஆனா அவை எந்த வரிசையில உள்ள போச்சுங்கிற முழு வரலாறு வெளியில இருக்கிறவருக்குக் கிடைக்காது. சோதிக்கணும்னா வெளியான பதிப்புகளை ஒண்ணொண்ணா போட்டுப் பார்க்கலாம், அதுக்கு மேல போக முடியாது. 2002ல பிட்கீப்பருக்கு மாறினாங்க. அது தனியுரிம மென்பொருள், இலவச உரிமத்துக்கு நிபந்தனைகள் இருந்தது. 2005 ஏப்ரல்ல அந்த இலவச உரிமம் போச்சு. அந்த நெருக்கடியில லினஸ் எழுதினதுதான் கிட். இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

அவ்வளவா பேசப்படாத கதை, அதுக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சு நடந்தது. 2005 ஜூன்ல லினஸ் கிட்டுக்குள்ள, ஒரு வரலாற்றைச் சரிபாதியா வெட்டுற கமிட் எதுன்னு கண்டுபிடிக்கிற வசதியைச் சேர்த்தார். ஜூலையில ஜூனியோ ஹமானோ அதைச் சுத்தி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். அதுதான் கிட் பைசெக்ட்.

இதுல நுணுக்கம் என்னன்னா, கிட் வரலாறு சீரியல் செட் மாதிரி ஒரே கம்பி இல்ல. கிளை பிரியுது, சேருது, மறுபடி பிரியுது. அதுல "நடு"ன்னா எது? தேதியை வச்சு வெட்ட முடியாது. போன மாசம் எழுதின கமிட் இந்த வாரம்தான் உள்ள சேர்ந்திருக்கலாம். அதனால ஒவ்வொரு கமிட்டுக்கும் பின்னாடி எத்தனை முன்னோர் இருக்காங்கன்னு எண்ணி, மொத்தத்துல பாதிக்குப் பக்கத்துல வர்ற கமிட்டை கிட் எடுத்துக் கொடுக்கும். நீங்க பில்ட் பண்ணி, ரீபூட் பண்ணி, "நல்லது"ன்னோ "கெட்டது"ன்னோ சொல்லணும். பில்டே ஆகலைன்னா "தாண்டு"ன்னு சொல்லலாம். ஒரு கர்னல் பதிப்புல பதினாறாயிரம் கமிட் இருந்தாலும் பதினாலு படியில முடிஞ்சுடும்.

2007ல கிறிஸ்டியன் கூடேர் "பைசெக்ட் ரன்" வசதியைச் சேர்த்தார். நல்லதா கெட்டதான்னு சொல்ற ஸ்கிரிப்ட் ஒண்ணு கொடுத்துட்டா கிட் தானே ஓடிக்கும். ஸ்கிரிப்ட் பூஜ்யம் திருப்பினா நல்லது, 125 திருப்பினா தாண்டு.

இதோட சமூக விளைவு இருக்கே, அது டெக்னிக்கை விடப் பெருசு. அதுவரைக்கும் ஒரு பயனர் "என் திரை கருப்பாகுது"ன்னு எழுதினா, டெவலப்பருக்கு அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. அவர்கிட்ட அந்த மெஷின் இல்ல. அந்த பேனல், அந்த பயாஸ், அந்த கேபிள், எதுவும் இல்ல. கிட் பைசெக்ட் வந்த பிறகு, சி மொழியே தெரியாத ஒருத்தர்கூட ரெண்டு ராத்திரி செலவழிச்சா நாற்பது எழுத்து கொண்ட ஒரு கமிட் எண்ணோட வர முடிஞ்சது. அந்த எண்ணைப் பார்த்ததும் எழுதினவருக்கே "ஓ, அதா!"ன்னு பொறி தட்டிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. தேடுற வேலை டெவலப்பர் மேஜையிலேர்ந்து பயனர் மடிக்கு வந்துடுச்சு. "பைசெக்ட் பண்ணிட்டு வாங்க"ங்கிறது சில சமயம் உதவி, சில சமயம் கதவைச் சாத்துறது.

2009: நாலு பூட்டு, ஒரு சாவி

கிராபிக்ஸ்ல ஒரு கூடுதல் சிக்கல் இருக்கு. டிரைவர்னு நாம ஒரு சொல்லால சொல்றது உண்மையில ஒரே ப்ரோக்ராம் இல்ல. கர்னலுக்குள்ள ஒரு பகுதி. ஓப்பன்ஜிஎல் கட்டளைகளை சிப்புக்குப் புரியுற மாதிரி மாத்துற மெசா ஒரு பகுதி. பிரையன் பால் 1993ல தனியாளா ஆரம்பிச்ச ப்ராஜெக்ட் அது. நடுவுல ஒரு லைப்ரரி. அப்புறம் எக்ஸ் சர்வரும் அதோட டிரைவரும். எல்லாம் தனித்தனி ரெப்போ, தனித்தனி வெளியீட்டுத் தேதி.

2008, 2009ல இன்டெல் டிரைவர்ல இந்த நாலுமே ஒரே நேரத்துல புரட்டிப் போடப்பட்டது. கிராபிக்ஸ் நினைவகத்தைக் கர்னலே நிர்வகிக்கிற ஜெம், கர்னல் 2.6.28ல வந்தது. திரையோட அளவையும் புதுப்பிப்பு வேகத்தையும் எக்ஸுக்குப் பதிலா கர்னலே அமைக்கிற முறை 2.6.29ல வந்தது. எக்ஸ் டிரைவருக்குள்ள யுஎக்ஸ்ஏன்னு புது முடுக்க முறை. கீத் பேக்கார்டு, எரிக் ஆன்ஹோல்ட் மாதிரியானவங்க செஞ்ச இந்த வேலைதான் இன்னிக்கு நம்ம லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கு அஸ்திவாரம். அதுல சந்தேகமே இல்ல.

ஆனா வீடு இடிச்சுக் கட்டும்போது உள்ளயே குடியிருக்கிற நிலைமைதான் அப்ப பயனர்களுக்கு. 2009 ஏப்ரல்ல வந்த உபுண்டு 9.04, 2.6.28 கர்னலோட வந்தது. அதாவது ஜெம் இருக்கு, ஆனா மீதிப் பாதி இன்னும் வந்து சேரல. இன்டெல் கிராபிக்ஸ் இருந்த நிறைய பேருக்கு வேகம் குறைஞ்சது. வெளியீட்டுக் குறிப்புலேயே உபுண்டு அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த மாதிரி நேரத்துல பைசெக்ட் ஏன் தடுமாறுதுன்னு பாருங்க. பைசெக்ட் ஒரு ரெப்போவோட வரலாற்றைத்தான் வெட்டும். கோளாறு ரெண்டு ரெப்போ சேர்ற இடத்துல இருந்தா? கர்னலைப் பின்னாடி நகர்த்தினா புது மெசா ஓடாது. மெசாவைப் பின்னாடி நகர்த்தினா எக்ஸ் டிரைவர் முறைக்கும். ஒரு திசையில தேடுற கருவியை வச்சுக்கிட்டு நாலு திசையில தேடணும். கடைசியில 2009 நடுவுல இன்டெல் அணி எக்ஸ் டிரைவர்லேர்ந்து பழைய வழிகளை வெட்டி எறிஞ்சு, ஒரே வழியை மட்டும் வச்சுக்கிட்டாங்க. சேர்க்கைகள் குறைஞ்சா தேட வேண்டிய இடமும் குறையும்.

தேடலே ஆபத்தாகும்போது

பைசெக்ட்ல நாம வெளியில சொல்லாத ஒரு நம்பிக்கை இருக்கு: சோதிச்சுப் பார்த்தா ஒண்ணும் நஷ்டமில்ல. கெட்டதா இருந்தா ரீபூட் பண்ணிக்கலாம். அது பொய்யாப் போன ரெண்டு சம்பவம் சொல்றேன்.

முதலாவது 2008 செப்டம்பர். 2.6.27 கர்னலோட சோதனைப் பதிப்புகளைப் போட்ட சிலருக்கு, இன்டெல் ஈ1000ஈ நெட்வொர்க் கார்டுக்குள்ள இருக்கிற நிலையான நினைவகமே அழிஞ்சு போச்சு. கார்டு செத்துப் போச்சுன்னே சொல்லலாம். கிராபிக்ஸ் பக்கம் அப்ப பெரிய மாற்றம் நடந்துட்டு இருந்ததால, இன்டெல் கிராபிக்ஸும் எக்ஸும்கூட சந்தேகப் பட்டியல்ல இருந்தது. இதை எப்படி பைசெக்ட் பண்ணுவீங்க? ஒவ்வொரு "கெட்டது"க்கும் ஒரு கார்டு பலி.

கடைசியில குற்றவாளி நெட்வொர்க் டிரைவரும் இல்ல, கிராபிக்ஸும் இல்ல. கர்னல் ஃபங்ஷன்களைக் கண்காணிக்கிற எஃப்ட்ரேஸ்ங்கிற வசதி. அது ஒவ்வொரு ஃபங்ஷனும் எங்க இருக்குன்னு முகவரி குறிச்சு வச்சுக்கும். தொடக்கத்துல மட்டும் ஓடி, பிறகு நினைவகத்திலேர்ந்து நீக்கப்படுற கோடோட முகவரியும் அந்தப் பட்டியல்ல இருந்தது. காலியான அதே முகவரியில பிறகு நெட்வொர்க் கார்டோட ஃப்ளாஷ் வந்து உட்கார்ந்தது. எஃப்ட்ரேஸ் பழைய ஞாபகத்துல அங்க போய் எழுதிடுச்சு. 2.6.27.1ல எஃப்ட்ரேஸோட அந்தப் பகுதியை அணைச்சாங்க. ஈ1000ஈ டிரைவர்லயும், யார் வந்தாலும் எழுத முடியாத மாதிரி அந்த நினைவகத்துக்குப் பூட்டு போட்டாங்க.

ரெண்டாவது சம்பவம் நேரடியா கிராபிக்ஸ். 2022 செப்டம்பர் கடைசியில 5.19.12ன்னு ஒரு ஸ்டேபிள் கர்னல் வந்தது. இன்டெல் கிராபிக்ஸ் இருந்த சில லேப்டாப்கள்ல திரை வெள்ளை வெள்ளையா மினுங்க ஆரம்பிச்சது.

இங்க கொஞ்சம் உள்ளே போகணும். லேப்டாப் பேனலுக்கு மின்சாரம் கொடுக்குறதுக்கு ஒரு முறை உண்டு. முதல்ல பவர், இத்தனை மில்லி செகண்ட் கழிச்சு படத் தரவு, இன்னும் இத்தனை கழிச்சு பின்விளக்கு. அணைக்கும்போது தலைகீழ் வரிசை. அணைச்ச உடனே மறுபடி போடவும் கூடாது, இடைவெளி விடணும். இந்த நேரக் கணக்கெல்லாம் விபிடிங்கிற ஒரு அட்டவணையில ஃபர்ம்வேரோடயே வரும். டிரைவர் அதைப் படிச்சு நடக்கும். அந்த அட்டவணையைப் படிக்கிற கோடை, பொதுவான பகுதி, பேனலுக்கே உரிய பகுதின்னு பிரிச்சு புது கர்னலுக்காக மாத்தி எழுதியிருந்தாங்க. அங்க அது ஒரு தொடரா வந்தது. ஸ்டேபிளுக்கு அதிலேர்ந்து சில பேட்ச் மட்டும் எடுத்து வந்தப்போ, சேர்ந்து வர வேண்டிய மத்தது வரல. விளைவு, நேரக் கணக்குகள் தப்பாக வாய்ப்பு உண்டாச்சு.

இன்டெல்லோட வில்லே சிர்யாலா லாக் பார்த்துட்டு, இது பேனலையே பழுதாக்கலாம், உடனே திரும்ப எடுங்க, இன்டெல் லேப்டாப்காரங்க யாரும் இந்தப் பதிப்பை ஓட்ட வேணாம்னு எழுதினார். கிரெக் குரோவா-ஹார்ட்மேன் அந்த மாற்றங்களை நீக்கி, அக்டோபர் முதல் வாரத்துலேயே 5.19.13 வெளியிட்டார். வந்ததும் போனதும் ஒரு வாரத்துக்குள்ள.

கவனிங்க. அங்க ஒவ்வொரு பேட்சும் தனியா பார்த்தா சரி. புது கர்னல்ல அதே மாற்றங்கள் நல்லாத்தான் ஓடிச்சு. பாதி மட்டும் வேற இடத்துக்கு வந்ததுதான் பிரச்சினை. "எது முதல் கெட்ட கமிட்"ங்கிற கேள்விக்குப் பதில் கிடைக்கும். ஆனா "ஏன்"ங்கிற கேள்விக்குப் பதில் அந்தக் கமிட்டுக்குள்ள இல்ல, அதுக்குப் பக்கத்துல இல்லாம போனதுல இருந்தது.

பட்டியல் வச்சுக்கிட்டவங்க

கர்னல் உலகத்துல ஒரு விதி உண்டு. பயனருக்கு ஓடிட்டு இருந்ததை உடைக்கக் கூடாது. மாற்றம் எவ்வளவு நியாயமானதா இருந்தாலும், உடைச்சா திருத்து, இல்லைன்னா திரும்ப எடு. லினஸ் இதுல விட்டுக்கொடுக்க மாட்டார். ஆனா விதி இருந்தா மட்டும் போதாது, எது எது உடைஞ்சிருக்குன்னு யாராவது பட்டியல் வச்சுக்கணும் இல்லையா?

ஆரம்பத்துல அந்த வேலையைச் செஞ்சவர் ஏட்ரியன் பங்க். ஒவ்வொரு பதிப்புக்கு முன்னாடியும் தெரிஞ்ச ரெக்ரஷன்களைத் தொகுத்து எல்லாருக்கும் அனுப்புவார். 2007ல 2.6.21, தெரிஞ்ச ரெக்ரஷன்கள் சரியாகாமலேயே வெளியாச்சு. மனுஷன் வெறுத்துப்போய் விட்டுட்டார். பிறகு ரஃபேல் வைசோக்கி சில வருஷம் சுமந்தார். நடுவுல நீண்ட இடைவெளி. தோர்ஸ்டன் லீம்ஹுயிஸ் 2017ல கையால தொகுத்துப் பார்த்தார். ஒரு ஆளால முடியுற வேலை இல்லைன்னு தெரிஞ்சு நிறுத்தி, 2021ல ரெக்ஸ்பாட்ங்கிற ஒரு பாட்டோட திரும்ப வந்தார்.

எனக்கு இந்த வரிசை முக்கியமாப் படுது. புது வசதி எழுதினவங்க பேர் வெளியீட்டுக் குறிப்புல வரும். பட்டியல் வச்சுக்கிட்டவங்க பேர் நம்ம யாருக்கும் தெரியாது. ஆனா உங்க திரை இன்னிக்கு எரியுதுன்னா அதுல அவங்க பங்கும் உண்டு.

கிராபிக்ஸ் பக்கம் இன்னொரு வழியும் உருவாச்சு. பயனர் கையில போய் உடையுறதுக்கு முன்னாடியே பிடிக்கிறது. நிக்கோலாய் ஹாஹ்ன்லே ஆரம்பிச்ச பிக்லிட், ஓப்பன்ஜிஎல் டிரைவர்களைச் சோதிக்கிற தொகுப்பு. இன்டெல் அணியோட ஐஜிடி, கர்னல் பக்கத்துக்கு. பின்லாந்துல ட்ராஎலிமென்ட்ஸ்ங்கிற சின்ன நிறுவனம் எழுதி, 2014ல கூகுள் வாங்கின டிஇக்யூபி. பிறகு 2016 வாக்குல இன்டெல், பல தலைமுறை சிப்புகள் கொண்ட மெஷின்களை வரிசையா அடுக்கி, ஒவ்வொரு பேட்சையும் சேர்க்கிறதுக்கு முன்னாடியே ஓட்டிப் பார்க்க ஆரம்பிச்சது. அங்கயே வேலை செஞ்ச மார்ட்டின் பெரெஸ், ஈஸ்பெஞ்ச்னு ஒரு கருவி எழுதினார். வேகம் குறைஞ்சா அதுவே பைசெக்ட் பண்ணும்.

வேகக் குறைவை பைசெக்ட் பண்றது சும்மா இல்ல. "கருப்புத் திரை"ன்னா ஆம் அல்லது இல்லை. "நூறு பிரேம் தொண்ணூத்தேழாச்சு"ன்னா அது உண்மையான குறைவா, சிப் சூடானதால வந்ததா? ஒரே சோதனையைப் பல தடவை ஓட்டி, புள்ளியியல் போட்டுப் பார்த்தாத்தான் தெரியும். இந்தப் பாடத்தை நான் படிச்சிருந்தா என் கதை வேற மாதிரி இருந்திருக்கும்.

நான் செஞ்ச தப்பு

இப்ப என் லேப்டாப்புக்கு வருவோம். பதினாலு படி. தேவையான மாட்யூல் மட்டும் வர்ற மாதிரி குறைச்சும் ஒரு பில்டுக்கு நாற்பது நிமிஷம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சேன். ஒவ்வொரு கர்னல்லயும் மூடியை மூணு தடவை மூடித் திறப்பேன். மூணும் வந்துட்டா "நல்லது".

ஞாயிறு மதியம் கிட் ஒரு கமிட்டைக் காட்டிச்சு. கிராபிக்ஸ் டிரைவர்ல, தூக்கத்துலேர்ந்து எழுற பகுதியிலேயே. இதைவிடப் பொருத்தமா ஒண்ணு இருக்க முடியுமா? "உங்க கமிட் என் மெஷினை உடைச்சிடுச்சு"ன்னு எழுதியவருக்கு மெயில் போட்டேன். கொஞ்சம் கோபமாவே எழுதினேன்னு இப்ப படிக்கும்போது தெரியுது.

ரெண்டு மணி நேரத்துல பதில். மரியாதையா ஒரே கேள்வி கேட்டிருந்தார்: லேட்டஸ்ட் கர்னல்ல இந்தக் கமிட்டை மட்டும் ரிவர்ட் பண்ணிப் பார்த்தீங்களா? பார்க்கல. ராத்திரி பார்த்தேன். திரை அப்பவும் கருப்புதான். அவர் கமிட் நிரபராதி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை என் பொய்ப் புகாருக்காக அவர் செலவழிச்சிருந்தார்.

கணக்கு போட்டுப் பார்த்தப்போதான் புரிஞ்சது. நாலுல ஒரு தடவை வர்ற கோளாறு, மூணு தடவை தொடர்ந்து வராம இருக்கிற வாய்ப்பு எவ்வளவு? முக்காலை மூணு தடவை பெருக்கணும். 64ல் 27. அதாவது நூத்துக்கு 42. கெட்ட கர்னலை "நல்லது"ன்னு சொல்ற வாய்ப்பு கிட்டத்தட்ட பாதி. பைசெக்ட்ல ஒரு பதில் தப்பானா அதுக்கு அப்புறம் எல்லாமே தப்பான பாதிக்குள்ளதான் நடக்கும். கருவி உங்களை எச்சரிக்காது. கடைசியில அதே உறுதியோட ஒரு கமிட்டை நீட்டும்.

பதினாறு தடவை சோதிச்சா அந்த வாய்ப்பு நூத்துக்கு ஒண்ணா குறையும். இந்தத் தடவை கையால மூடித் திறக்கல. ஆர்டிசிவேக் கருவியால தூங்க வச்சு, சில வினாடியில எழுப்பி, திரை வந்துச்சான்னு குறிச்சுக்கிட்டேன். ஆபீஸ் முடிஞ்சு நாலு ராத்திரி ஆச்சு. இந்த முறை கிடைச்சது வேற கமிட். ஒரு ரெஜிஸ்டர் தயாராகும் வரை காத்திருக்கிற மூணு வரி, தேவையில்லைன்னு நீக்கப்பட்டிருந்தது. ரிவர்ட் பண்ணி, இருநூறு தடவை தூங்கி எழுப்பினேன். இருநூறும் வந்தது.

முதல்ல மெயில் போட்டவருக்கே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவரே அதைச் சரியான ஆளுக்கு அனுப்பி வச்சார். அந்த மூணு வரியை நீக்கினவர்கிட்ட இருந்த மெஷின்கள்ல அந்தக் காத்திருப்பு உண்மையிலேயே தேவைப்படல. என்னோடது மாதிரி பழைய பேனல் அவர்கிட்ட இல்ல. பேட்ச் வந்தது, சோதிச்சேன், சேர்ந்தது. அடியில என் பேரும் ஒரு வரி இருக்கு, ரிப்போர்ட் பண்ணவர்னு.

அதனால ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு என் பதில் இது. திரை கருப்பானா, முதல்ல பழைய கர்னல்ல பூட் பண்ணி அது ரெக்ரஷன்தானான்னு உறுதி பண்ணுங்க. எத்தனை தடவைக்கு ஒரு தடவை வருதுன்னு எண்ணுங்க. அதுக்கு ஏத்த மாதிரி எத்தனை சோதனை வேணும்னு முடிவு பண்ணிட்டு பைசெக்ட் ஆரம்பிங்க. கமிட் கிடைச்சதும் மெயில் எழுதாதீங்க, ரிவர்ட் பண்ணிப் பாருங்க. அப்புறம் எழுதுங்க, எழுதினவரைத் திட்டாம. அவருக்கு உங்க மெஷின் இல்ல. உங்களுக்கு அவர் அளவு கோட் தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் அந்தத் திரை எரியும்.

அந்த லேப்டாப் இன்னும் ஓடுது. இந்த எபிசோடோட குறிப்புகளை அதுலதான் எழுதினேன். அடுத்த எபிசோட்ல சந்திப்போம். உங்க பைசெக்ட் கதை இருந்தா எழுதி அனுப்புங்க, தப்பா முடிஞ்ச கதையா இருந்தாலும் சரி.